மிரர்லெஸ் கேமராவும் ஸ்டூடியோ ஃபிளாஷும் – ஒரு கழித்தல் கணக்கு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாடா என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. கதை எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால் மாமாவின் ஸ்டூடியோவில் நான் செய்த ஒரு தப்பையும், அந்தத் தப்பிலிருந்து கற்ற பாடத்தையும் எழுதுகிறேன். நம்மில் பலர் லீவு நாட்களில் கல்யாண ஆர்டருக்குப் போகிறோம். சிலர் டிப்ளமோ முடித்ததும் சொந்தமாக ஸ்டூடியோ வைக்கும் எண்ணத்தில் இருக்கிறோம். அவர்களுக்கு இது கட்டாயம் உதவும். மற்றவர்களுக்கு, கெப்பாசிட்டர் பாடத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்த மாதிரி இருக்கும்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலாமாண்டு படித்த சமயம். மாமா ரிசப்ஷன் ஆர்டருக்குப் போய்விட்டார். ஸ்டூடியோவில் நான் மட்டும். சாயங்காலம் ஒரு குடும்பம் வந்தது. பையன் அன்று ராத்திரி கத்தாருக்குப் புறப்படுகிறான். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். போகும் முன் பாட்டியோடு சேர்ந்து ஒரு போட்டோ வேண்டும். ஸ்டூடியோ முதல் மாடியில். நடக்க முடியாத பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாமா வாங்கி ஒரு மாதமே ஆன மிரர்லெஸ் கேமரா. குடை லைட் இரண்டையும் போட்டேன். வ்யூ ஃபைண்டரில் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. பட்டனை அழுத்தினால் ஃபிளாஷ் அடிக்கவில்லை. டிரிகர் பேட்டரியை மாற்றினேன், அடிக்கவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன், அடிக்கவில்லை. "தம்பி, டிரெயினுக்கு நேரமாச்சு" என்றார் பையனின் அப்பா. பதற்றத்தில் ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றி, மாடலிங் பல்பு வெளிச்சத்திலேயே நாலு படம் எடுத்தேன். மஞ்சளாக, புள்ளி புள்ளியாக வந்தது. "பரவாயில்ல தம்பி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் 'பரவாயில்ல' ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

ராத்திரி மாமா வந்து கேமராவைக் கையில் வாங்கி, ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினார். ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. "கேமரா மேல குத்தமில்ல மாப்ள. லைட்டும் சரி. எது எப்ப நடக்குதுன்னு உனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'எப்ப' என்ற சொல்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

1. ஃபிளாஷுக்குள்ளே என்ன இருக்கிறது?

ஸ்டூடியோ ஃபிளாஷை ஸ்ட்ரோப் என்றும் சொல்வார்கள். இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு ஹெரால்ட் எட்ஜர்டன் என்பவருக்கு உண்டு. அவர் போட்டோகிராஃபர் அல்ல, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். சுற்றிக்கொண்டிருக்கும் சிங்க்ரனஸ் மோட்டாரை, நிற்பது போலப் பார்க்க வேண்டும் என்பதற்காக 1931 வாக்கில் ஸ்ட்ரோபோஸ்கோப்பை உருவாக்கினார். நம்ம மெஷின்ஸ் லேபில் இருக்கும் ஸ்ட்ரோபோஸ்கோப்பும் ஸ்டூடியோவில் இருக்கும் குடை லைட்டும் ஒரே வம்சம்!

உள்ளே இருப்பது மூன்றே பொருள்: பெரிய கெப்பாசிட்டர், செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய், அதைத் தூண்டிவிடும் டிரிகர் டிரான்ஸ்ஃபார்மர். கெப்பாசிட்டர் நிறைந்து காத்திருக்கும். டிரிகர் பல ஆயிரம் வோல்ட் துடிப்பைக் குழாய்க்குக் கொடுத்ததும் வாயு அயனியாகி, சேர்த்து வைத்த மின்சாரம் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெப்பாசிட்டர் 3300 மைக்ரோ ஃபாரட், மின்னழுத்தம் 350 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை சி வி ஸ்கொயர் சூத்திரம் எல்லாருக்கும் தெரியும்.

½ × 0.0033 × 350 × 350 = சுமார் 202 ஜூல்

கடையில் '200 வாட் செகண்ட் லைட்' என்று விற்பது இதைத்தான். ஒரு விநாடியில் சார்ஜ் ஆனால் மெயினிலிருந்து அது இழுப்பது ஏறக்குறைய 200 வாட்ஸ். வீட்டு மிக்ஸி அளவுகூட இல்லை. ஆனால் அதே ஆற்றல் 1/1000 விநாடியில் வெளியேறினால்? சராசரி 2 லட்சம் வாட்ஸ்! மெதுவாகச் சேர்த்து, நொடியில் செலவழிப்பது. மாத முதல் தேதி ஹாஸ்டல் மாணவன் கையில் இருக்கும் பணம் மாதிரிதான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஃபிளாஷ் வெளிச்சம் இருப்பது சுமார் 1 மில்லி விநாடி மட்டுமே. ஷட்டரை 1/60-ல் வைத்தாலும் 1/160-ல் வைத்தாலும், அந்த 1 மில்லி விநாடி உள்ளே வந்துவிட்டால் ஃபிளாஷ் வெளிச்சத்தின் அளவு மாறாது. ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது லென்ஸின் அப்பெர்ச்சர், ஐ.எஸ்.ஓ., லைட்டின் பவர், லைட் நிற்கும் தூரம். அறை வெளிச்சத்துக்கு மட்டும்தான் ஷட்டர் பொறுப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

2. வ்யூ ஃபைண்டர் ஏன் இருட்டு?

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் வழியே வரும் காட்சியை அது நேராக நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். செட்டிங் என்னவாக இருந்தாலும் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது, பெயரே அதுதான். 2008-ல் பானாசோனிக் ஜி 1 வந்ததிலிருந்து இந்த வகை வளர்ந்தது. 2018-ல் கேனனும் நிக்கானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸில் இறங்கிய பிறகு நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கும் வந்துவிட்டது. இதில் நாம் பார்ப்பது ஒரு குட்டி டி.வி. சென்சார் பார்ப்பதை அது நமக்குக் காட்டுகிறது. அதோடு நிற்காமல், 'இப்போது பட்டனை அழுத்தினால் படம் இப்படித்தான் வரும்' என்றும் காட்டப் பார்க்கிறது.

கல்யாண மண்டபத்தில் இது பெரிய வசதி. ஸ்டூடியோவில் இதுதான் குழி. ஏனென்றால் பட்டனை அழுத்தும் முன் ஃபிளாஷ் வெளிச்சம் அங்கே இல்லை. இனிமேல் வரப்போகும் வெளிச்சத்தைக் கேமரா எப்படிக் காட்டும்?

ஸ்டூடியோவில் வழக்கமான செட்டிங் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/160 விநாடி. சாதாரண அறை விளக்கில் நல்ல படம் எடுக்க வேண்டிய வெளிச்சத்தைவிட இது 6 ஸ்டாப் அளவுக்குக் குறைவு. ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதிப் பாதியாகக் குறையும். ஆக 64-ல் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். இருட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? கேமரா பொய் சொல்லவில்லை. ஃபிளாஷ் இல்லாவிட்டால் படம் இப்படி இருட்டாகத்தான் வரும் என்று உண்மையைத்தான் சொல்கிறது. நான்தான் அதைத் தப்பு என்று நினைத்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன்.

ஆகவே வ்யூ ஃபைண்டர் இருட்டானால் எக்ஸ்போஷரைத் தொடாதீர்கள். காட்டும் முறையை மட்டும் மாற்றுங்கள். மெனுவில் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சோனியில் 'செட்டிங் எஃபெக்ட்' என்பதை ஆஃப் செய்ய வேண்டும். கேனனில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்'. ஃபியூஜியில் மேனுவல் மோடுக்கான 'பிரிவ்யூ எக்ஸ்போஷர்'. நிக்கான் இசட் வரிசையின் பல மாடல்களில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ'. ஆஃப் செய்ததும் பழைய கேமரா மாதிரி பளிச்சென்று தெரியும்.

"மாமா, கேமரா மேல சொந்தக் கம்பெனி ஃபிளாஷ் மாட்டினா தானா வெளிச்சமா தெரியுதே?" என்று கேட்டேன். அந்த ஃபிளாஷ் பல முனைகள் வழியாகக் கேமராவோடு பேசும். அதனால் ஃபிளாஷ் இருப்பது கேமராவுக்குத் தெரியும். ஒரே முனை உள்ள சாதா ரேடியோ டிரிகர் பேசாது, சிக்னலை வாங்க மட்டும் செய்யும். அது மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

3. ஃபிளாஷ் ஏன் அடிக்கவில்லை?

இதுதான் முக்கியமான பகுதி. பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. முன்திரை ஓடித் திறக்கும். பின்திரை அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடும். டீக்கடை ஷட்டர் மாதிரி ஒரே கதவு ஏறி இறங்குவது அல்ல. ஒரு திரை சென்சாரைக் கடக்கச் சுமார் 3.5 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் எவ்வளவு?

முழுத்திறப்பு நேரம் = ஷட்டர் நேரம் – திரை கடக்கும் நேரம்

1/60 விநாடி: 16.7 – 3.5 = 13.2 மில்லி விநாடி
1/125 விநாடி: 8 – 3.5 = 4.5
1/160 விநாடி: 6.25 – 3.5 = 2.75
1/200 விநாடி: 5 – 3.5 = 1.5
1/250 விநாடி: 4 – 3.5 = 0.5
1/500 விநாடி: 2 – 3.5 = –1.5

இந்த முழுத்திறப்பு நேரத்துக்குள் ஃபிளாஷ் அடித்து முடிந்துவிட வேண்டும். விலை குறைந்த ரேடியோ டிரிகர் சிக்னலைக் கொண்டு சேர்க்கவே 1 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஃபிளாஷ் எரியும் நேரம் வேறு. ஆக 1/250-ல் கிடைக்கும் 0.5 போதாது. பின்திரை ஓடத் தொடங்கிவிடும். படத்தின் ஒரு விளிம்பில் கறுப்புப் பட்டை விழும். 1/500-ல் விடை மைனஸ். அதாவது முழுத்திறப்பே கிடையாது, ஒரு கீற்று மட்டும் நகர்ந்து போகிறது. கேமரா மேனுவலில் 1/250 என்று போட்டிருந்தாலும் ஸ்டூடியோக்காரர்கள் 1/160, 1/125 என்று வைப்பது இதனால்தான். பயத்தினால் அல்ல, கணக்கினால்.

சரி, அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது? முந்தின நாள் ஒரு முகூர்த்தத்தில் சத்தம் வரக்கூடாது என்று மாமா 'சைலன்ட் ஷட்டர்' போட்டிருக்கிறார். அதில் திரையே ஓடாது. சென்சாரே வரிசை வரிசையாக ஒளியைப் படித்துக்கொண்டு போகும். சாதாரண சென்சார் எல்லா வரிசையையும் படித்து முடிக்க 1/20 விநாடி, அதாவது 50 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். அதே சூத்திரத்தில் போடுங்கள்.

6.25 – 50 = –43.75

மைனஸ் நாற்பத்து மூன்று! அந்த நிலையில் ஃபிளாஷ் அடித்திருந்தால், படத்தில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் வெளிச்சமாக இருந்திருக்கும். அதனால்தான் பெரும்பாலான கேமராக்கள் சைலன்ட் ஷட்டரில் ஃபிளாஷுக்குச் சிக்னலே அனுப்புவதில்லை. என் டிரிகரும் நல்லது, பேட்டரியும் நல்லது, வயரும் நல்லது. கேமரா வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருந்தது. மாமா அதை 'மெக்கானிக்கல் ஷட்டர்' என்று மாற்றியதும் அடித்துவிட்டது.

நடுவில் இன்னொன்று உண்டு. 'எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்' என்று மெனுவில் இருக்கும். முன்திரை வேலையை மட்டும் சென்சார் செய்யும். பின்திரை நிஜத் திரை. இதில் ஃபிளாஷ் அடிக்கும், பயப்பட வேண்டாம். 'ஆட்டோ' என்று இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. சில கேமராக்கள் சொல்லாமலே எலக்ட்ரானிக்குக்குத் தாவிவிடும்.

இந்தக் கழித்தல் கணக்கு தெரிந்தால் புதுக் கேமராக்களும் புரிந்துவிடும். 2021-ல் வந்த நிக்கான் இசட் 9-ல் நிஜத் திரையே கிடையாது. ஆனாலும் 1/200-ல் ஃபிளாஷ் அடிக்கிறது. எப்படி? அதன் சென்சார் ஏறக்குறைய 4 மில்லி விநாடிக்குள் படித்து முடித்துவிடுகிறது. 2023-ல் அறிமுகமான சோனி ஆல்ஃபா 9 மார்க் 3-ல் எல்லா வரிசையும் ஒரே கணத்தில் படிக்கப்படுகின்றன. கடக்கும் நேரம் சைபர். ஆகவே 1/80000 வரை ஃபிளாஷோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஃபிளாஷே 1/1000 விநாடி எரிகிறது என்றால், அந்த வேகத்தில் அதன் ஒரு துளிதான் படத்தில் சேரும். இதையும் கணக்கில் வையுங்கள்.

4. கறுப்புச் சோதனை

மாமா எனக்குக் கற்றுக்கொடுத்த முறை இது. கஸ்டமர் உட்காரும் முன்பே செய்துவிட வேண்டும்.

முதலில் டிரிகரை ஆஃப் செய்துவிட்டு ஒரு படம் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/160. படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். கறுப்பாக வந்தால் டியூப் லைட், மாடலிங் பல்பு, ஜன்னல் வெளிச்சம் எதுவும் கலக்கவில்லை என்று அர்த்தம். லேசாக ஏதாவது தெரிந்தால் டியூப் லைட்டை அணையுங்கள், அல்லது திரைச்சீலையை இழுத்து விடுங்கள்.

இரண்டாவது, மெயின் லைட்டை மட்டும் போட்டு ஒரு படம். முகம் வெளிறினால் லைட் பவரைக் குறையுங்கள். லைட்டை நகர்த்தியும் குறைக்கலாம். 1 மீட்டரில் இருந்த லைட்டை 2 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். தூரத்தின் வர்க்கம் என்பது பிசிக்ஸ் பரீட்சையோடு முடிகிற விஷயம் இல்லை.

மூன்றாவது, பக்கத்து லைட்டையும் பேக்ரவுண்ட் லைட்டையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் எந்த லைட் எந்த நிழலைப் போட்டது என்று பிரம்மாவுக்கே தெரியாது.

நான்காவது, ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஃபிளாஷ் என்றோ 5500 கெல்வின் என்றோ நிறுத்திவிடுங்கள். மாடலிங் பல்பு வெளிச்சத்தில் வ்யூ ஃபைண்டர் மஞ்சளாகத் தெரியலாம். அதைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஃபிளாஷ் அடித்து வந்த படத்தைப் பார்த்துத் திருத்துங்கள். மாடலிங் பல்பை அணைத்தும் விடாதீர்கள். கேமரா ஃபோகஸ் பிடிக்க அந்த வெளிச்சம் வேண்டும்.

5. உயிருக்கும் கேமராவுக்கும் ஜாக்கிரதை

நம்ம ஆட்களுக்கு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் கை சும்மா இருக்காது. ஃபிளாஷை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். 3300 மைக்ரோ ஃபாரட்டுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால்கூட, டைம் கான்ஸ்டன்ட் 33 விநாடி. ஐந்து மடங்கு, அதாவது 165 விநாடி ஆனால்தான் ஏறக்குறையக் காலியாகும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. 200 ஜூல் என்பது ஆளைக் கொல்லும் அளவு. வைவாவில் தப்பினால் மறுபடி எழுதலாம், இதில் அரியர் கிடையாது.

கேமராவுக்கும் ஒரு ஆபத்து உண்டு. பழைய லைட்டுகளின் சிங்க் வயரில் 100 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். மாமாவின் பழைய லைட்டில் மல்டிமீட்டர் வைத்து அளந்தேன், 160 வோல்ட் டி.சி. காட்டியது. அதை நேராகப் புதுக் கேமராவின் ஹாட் ஷூவில் கொடுத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடலாம். அளந்து, கேமரா மேனுவலில் போட்ட அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் நடுவில் ரேடியோ டிரிகர் வையுங்கள். கேமராவுக்கும் லைட்டுக்கும் வயர் தொடர்பே இருக்காது. டிரிகர் ரிசீவர் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவாக

ஃபிளாஷ் அடிக்காவிட்டால் பேட்டரியைத் தட்டும் முன் இந்த வரிசையில் பாருங்கள். ஷட்டர் மெக்கானிக்கலில் இருக்கிறதா? வேகம் 1/160 அல்லது அதற்குக் கீழா? டிரிகரும் ரிசீவரும் ஒரே சேனலா? டிரிகர் ஷூவில் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா? நாலுக்கும் 'ஆம்' என்றால் அதற்குப் பிறகு பேட்டரி. இதை ஒரு சீட்டில் எழுதிக் கேமரா பையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, சீட்டு வேலை செய்யும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியில்லை. இந்த வருஷம் அந்த அண்ணன் லீவில் வந்திருந்தார். நானே அவர் வீட்டுக்குப் போய், "பாட்டியை மாடிக்குத் தூக்க வேண்டாம்ணே, லைட்டை நான் கொண்டு வர்றேன்" என்றேன். அவர்கள் வீட்டு ஹாலில் அந்த மஞ்சள் படம் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. நான் அதை அதிகம் பார்க்கவில்லை.

இரண்டு லைட், ஒரு குடை. ஜன்னலைச் சாத்தினேன். கறுப்புச் சோதனை போட்டேன். படம் கறுப்பாக வந்ததைப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்கும் இருட்டாத்தான் வருது?" என்றார் அவர் அப்பா. "இருட்டா வந்தாத்தாங்க சரி" என்றேன். டிரிகரை ஆன் செய்தேன். பாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டார். எஃப் 8, 1/160. பளிச்.

பாட்டியின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தது. காசு வாங்கவில்லை. மாமாவிடம் சொன்னதற்கு, "பிரிண்ட் காசாவது வாங்கியிருக்கலாம்ல மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நண்பர்களே, புதுக் கருவி கைக்கு வந்தால் அது என்ன காட்டுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே எது முதலில் நடக்கிறது, எது பின்னால் நடக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும். அடுத்தவர் ஒரே தடவை வந்து நிற்கும் நேரத்தில் நம் கை தடுமாறாது.

வாழ்த்துக்களுடன்,
மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை